ஊசியில்லாத துப்பாக்கி

14.10.2025, செவ்வாய். இன்றைய தவறு: மூன்று வெற்றுத் தோட்டாக்களில் இரண்டாவதை நுண்ணோக்கித் தட்டில் தலைகீழாக வைத்துவிட்டேன். தோட்டாவின் அடியில், துப்பாக்கி ஊசி குத்திய குழிக்கு வலப்பக்கம் ஒரு கீறல் இருப்பதாக எழுதினேன். மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, கீறல் இடப்பக்கம். அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டேன். மூன்றிலும் ஒரே கீறல், நகம் வெட்டிப் போட்டதுபோல. கீறலுக்குள் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது. நாளை: கைப்பற்றிய துப்பாக்கியைப் பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் மாலை நேரத் துறைத்தேர்வு வகுப்பு நடத்துகிறவர், நாளின் தவற்றை முதலிலும் மறுநாள் வேலையைக் கடைசியிலும் எழுதும் நாட்குறிப்பு ஒன்றை எல்லோரும் வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தார். மற்ற மாணவர்கள் ஒரு வாரத்தில் கைவிட்டார்கள். அவர்களுக்கு எழுதத் தவறு கிடைக்கவில்லை. ஹெப்சிபாவுக்கு அந்தத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற பெண் அவள்.

வட்டாரத் தடய ஆய்வகத்தின் துப்பாக்கிப் பிரிவில் அவள் இளநிலை உதவியாளர். ஆய்வக வாசலில் 'உண்மையே எங்கள் தொழில்' என்று ஒரு பலகை உண்டு. அதற்குக் கீழே 'தொழில் சம்பந்தமில்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது' என்று இன்னொரு பலகை. இரண்டும் ஒரே நாளில் எழுதப்பட்டவை.

அந்த மூன்று தோட்டாக்கள் கருங்கால்துறையிலிருந்து வந்திருந்தன. அங்கே தாமிரபரணிக்குள் இறங்கிய மணல் லாரிகளை ஊரார் மறித்தார்கள். கரையில் வாழை போட்டிருந்த ஜாபேஸும், பத்தமடைப் பாய்க்காரர்களுக்குக் கோரை அறுத்து அனுப்பும் அலி அஸ்கரும் முதல் லாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். லாரிகளுக்குக் காவலாக வந்த போலீசார் கலைந்துபோகச் சொன்னார்கள். யாரும் கலையவில்லை. துப்பாக்கி வெடித்தது. சத்தம் அடங்கியபோது ஜாபேஸ் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். தொண்டை மட்டும் இருந்த இடத்தில் இல்லை. குண்டு முன்னால் சின்னத் துளையாக நுழைந்து, பின்னால் பிடரியைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அலி அஸ்கர் தம் சட்டையைக் கழற்றி அந்தப் பொத்தலில் அடைத்துக்கொண்டிருக்கும்போது கைது செய்யப்பட்டார். கையெல்லாம் ரத்தமாக இருந்தது அவருக்கு எதிரான முதல் சான்று.

போலீசார் வானத்தை நோக்கித்தான் சுட்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. அப்படியானால் ஜாபேஸைச் சுட்டது வேறு யாரோ. அந்த வேறு யாரோ ஏற்கெனவே காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். ஜாபேஸின் தோப்புக் குடிசையில் பன்றி விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி கைப்பற்றப்பட்டது. வழக்கு அன்று மாலையே முடிந்தது. முடிந்த வழக்குக்கு ஆய்வகத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் ஹெப்சிபா துப்பாக்கியை மேசையில் வைத்துப் பார்த்தாள். குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய சாதி. அதற்குத் தோட்டாவே கிடையாது. தோட்டாவே இல்லாததற்கு அதைக் குத்த ஊசி எதற்கு? தான் எங்கேயோ தப்பாகப் பார்க்கிறோமோ என்று மூன்று முறை பார்த்தாள். பிறகு துணை இயக்குநர் தாணுமாலையனின் அறைக்குப் போனாள்.

தாணுமாலையன் பல வருடங்களாக நுண்ணோக்கியைத் தொட்டதில்லை. அதைத் தொடுகிறவர்கள் எல்லோரும் இன்னும் உதவியாளர்களாகவே இருக்கிறார்கள் என்பது அவர் கண்டுபிடித்த விதி.

"ஐயா, இந்தத் துப்பாக்கியில ஊசி இல்ல."

"கழண்டு விழுந்திருக்கும்."

"இதுக்கு ஊசியே கிடையாதுய்யா. தோட்டாவும் கிடையாது. வந்திருக்கிற மூணும் ரைபிள் தோட்டா. இந்தக் குழாய்க்குள்ள நுழையக்கூட செய்யாது."

தாணுமாலையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேசப் போகிறார் என்று பொருள்.

"இங்க பாரும்மா. ஆய்வகம்னா உண்மையத் தேடுத இடம்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க. தேடுத வேலை போலீசுக்கு. அவங்க தேடிப் பிடிச்சு, பொட்டலம் கட்டி, சீல் வச்சு அனுப்புதாங்க. சீல் உடையாம இருக்கான்னு பாக்குதது நம்ம வேலை. உள்ள இருக்க உண்மை உடைஞ்சிருக்கான்னு பாக்க ஆரம்பிச்சா, ஒரு பொட்டலம் தேறாது."

"அப்ப அறிக்கையில என்னன்னு எழுத?"

"அத விடு. வலப்பக்கம்னு எழுதி அடிச்சு இடப்பக்கம்னு எழுதியிருக்கியே, அது என்ன?"

அன்று மாலையே குறிப்பாணை வந்தது. 'மேற்படி கீறலை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றும் அதிகாரம் தங்களுக்கு எந்த ஆணையின்படி வழங்கப்பட்டது என்பதை விளக்குக.' கீறல் முதலிலிருந்தே இடப்பக்கம் இருந்ததாகவும், இடம் மாறியது தன் கைதான் என்றும் ஹெப்சிபா பதில் எழுதினாள். கீறல் நகராமல் இருந்ததற்குச் சாட்சி உண்டா என்று அடுத்த குறிப்பாணை கேட்டது.

வெளியே வாசலில், பலகைகளுக்குக் கீழே, ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கறுப்புப் புர்கா, முகத்திரையை மேலே தூக்கிவிட்டிருந்தாள். அலி அஸ்கரின் மனைவி சபீதா. தொழில் சம்பந்தமில்லாதவர் என்பதால் காவலாளி உள்ளே விடவில்லை.

"அக்கா, நீங்கதான் துப்பாக்கிய பாக்கீங்களா? உங்க ரிப்போர்ட்டு வந்தா எங்க மச்சானை விட்டிருவோம்னு ஸ்டேசன்ல சொல்லுதாங்க. எப்ப எழுதுவீங்க?"

"எழுதிட்டு இருக்கேன். அவரு எப்படி இருக்காரு?"

"முந்தாநாள் வலது கைல கட்டு போட்டிருந்தாங்க. கக்கூசுல வழுக்கிட்டாராம்."

அந்தக் காவல் நிலையத்தின் கழிப்பறை திருநெல்வேலிச் சீமை முழுக்கப் பேர் எடுத்தது. போலீசார் ஒருவரும் இதுவரை அதில் வழுக்கியதில்லை. கைதிகள் மட்டுமே வழுக்கினார்கள். முதலில் வலது கை, பிறகு கால்கள் என்று அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. அறிக்கை தாமதமாகும்போதெல்லாம் காவலில் விசாரிக்கும் கெடு நீட்டிக்கப்படும். கெடு நீளும்போதெல்லாம் தரை ஈரமாகிவிடும்.

ஆய்வாளர் சிவசங்கரன் நேரிலேயே வந்தார். ஆற்றங்கரையில் அன்று சுடும்படி உத்தரவிட்டவர் அவர். கையில் அல்வாப் பொட்டலம் இருந்தது.

"என்னம்மா, ஊசி ஊசின்னு நிக்கியாம்? எங்க ரைபிள் ஆகாசத்தப் பாத்துதான் சுட்டிச்சு. எழுதியே குடுத்திருக்கோம்."

"ஜாபேஸ் தொண்டையில எப்படி சார் பட்டிச்சு?"

"அவரு நல்ல உயரமான ஆளு."

"உட்காந்துல்லா இருந்தாரு?"

சிவசங்கரன் பொட்டலத்தைத் தாணுமாலையன் முன்னால் பிரித்து வைத்தார். "எந்திரிக்கணும்னு ஒரு எண்ணம் இருந்திருக்கும். எண்ணம் உள்ளவனைத்தான் குண்டு தேடிப் போவும். இருவத்தஞ்சு வருச சர்வீஸ்ல சொல்லுதேன், நான் ஒருத்தனையும் குறி வச்சதே இல்ல. எல்லாம் தானா வந்து விழுவானுவ."

தாணுமாலையன் அல்வாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "நல்ல பதம் வே," என்றார்.

விடை ஹெப்சிபாவைத் தேடி நடந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர் தலைமைக் காவலர் நேசையா. நிலையத்துத் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது அவர் பொறுப்பு. ஜாபேஸின் ரத்தம் தோய்ந்த மண்ணைப் பொட்டலமாகக் கொண்டுவந்தவர், கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது திரையில் பெரிதாகத் தெரிந்த தோட்டாவின் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது என்னம்மா, நம்ம திருப்புளிக் கோடுல்லா?"

"எந்தத் திருப்புளி?"

"அத ஏன் கேக்க. ஆயுத பூசைக்கு எல்லாவனும் லீவு போட்டுட்டானுவ. துப்பாக்கிக்குப் பொட்டு வைக்குத வேலை என் தலையில. ஞாயித்துக்கிழமை கோயில்ல பைபிள் வாசிக்குதவனுக்கு அது எங்க வைக்கணும்னு தெரியுமா? மனுசனுக்கு நெத்தியில வைப்பாங்க. துப்பாக்கிக்கு நெத்தி எது? யோசிச்சுப் பாத்தேன். போல்ட்ட தொறந்தா உள்ள ஒரு இரும்பு மூஞ்சி இருக்கும் பாத்துக்கோ, தோட்டா குண்டில முட்டிட்டு நிக்குமே, அது. நடுவுல ஊசி வார ஓட்டை, ஒத்தக் கண்ணு மாதிரி. அதுதான் நெத்தின்னு சந்தனத்தக் கட்டியா அப்பி, குங்குமமும் வச்சேன்."

"அப்புறம்?"

"மறுநாள் காஞ்சு கல்லாயிட்டு. போல்ட்டு சாத்தவே மாட்டேங்கு. இன்ஸ்பெக்டரு வாயில வந்ததெல்லாம் வஞ்சாரு. திருப்புளிய விட்டுச் சுரண்டினேன். ஊசி ஓட்டைக்குப் பக்கத்துல கோடு விழுந்துட்டு. நல்லவேளை, ஒரு துப்பாக்கியோட நிறுத்திட்டேன்."

"அது எந்தத் துப்பாக்கி?"

"இன்ஸ்பெக்டரு ஆத்துக்கு எடுத்துட்டுப் போனாருல்லா, அந்த…"

நேசையா நிறுத்தினார். திரையைப் பார்த்தார். கையிலிருந்த மண் பொட்டலத்தைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு, பிறகு பைய இறங்கியது.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. அடுத்த மாசம் ரிட்டயர் ஆவுதேன்."

ஹெப்சிபா தோட்டாவின் கீறலிலிருந்து மஞ்சள் துகளைச் சுரண்டிப் பார்த்தாள். சந்தனம்தான். குங்குமமும் இருந்தது. பன்றி விரட்டும் துப்பாக்கிக்கு ஜாபேஸ் பொட்டு வைத்திருக்க வழியில்லை. அவர் தேவாலயத்துச் சேகர குருவின் தம்பி. அவள் ஆய்வாளர் எடுத்துச் சென்ற ரைபிளை ஆய்வகத்துக்கு அனுப்பும்படியும், அதைக்கொண்டு ஒரு தோட்டாவைச் சுட்டுப் பார்த்து ஒப்பிட வேண்டும் என்றும் கோரிக்கை எழுதினாள். அந்தக் கீறல் ரைபிளின் இரும்பு முகத்தில் இருந்தால், அது சுடும் ஒவ்வொரு தோட்டாவிலும் பதியும். அது ஒன்றே அலி அஸ்கரை வெளியே கொண்டுவரும்.

சிவசங்கரன் பதிலைத் தொலைபேசியில் தாணுமாலையனிடம் சொன்னார். தாணுமாலையன் அதை ஹெப்சிபாவிடம் சொன்னார். "பூசை போட்ட ஆயுதத்தைச் சந்தேகப்படுதது சாமிக் குத்தம்மா. அதுவும் நீ வேற வேதத்துக்காரி. ஊர்ல கலவரம் வந்துரும். கலவரம் வந்தா திரும்பவும் ஆகாசத்தப் பாத்துச் சுட வேண்டி வரும். தேவையா?"

அந்த வாரம் அலி அஸ்கர் இடது காலை வழுக்கவைத்துக்கொண்டார்.

துப்பாக்கியில் ஊசி இல்லை என்பதை அதற்கு மேலும் மறைக்க முடியாமல் போனபோது, அதைக் கண்டுபிடிக்க ஏழு பேர் கொண்ட 'ஊசிக்குறி உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. தாணுமாலையன் தலைவர். சிவசங்கரன் சிறப்பு அழைப்பாளர். ஹெப்சிபா தேநீர் தவிர்த்த மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பு. குழு இரண்டு மணி நேரம் கூடி, துப்பாக்கியில் ஊசி இல்லாததற்கு ஒரே ஒரு விளக்கம்தான் சாத்தியம் என்று கண்டது: குற்றவாளி அதைப் பிடுங்கி ஒளித்துவிட்டார்.

"ஆனா ஐயா, ஊசி மாட்ட இடமே இல்லியே?" என்றாள் ஹெப்சிபா.

"இடத்தையும் சேத்துப் பிடுங்கியிருக்கான். எவ்வளவு கைதேர்ந்த ஆளுன்னு பாரு," என்றார் தாணுமாலையன்.

ஆகவே ஊசியை மறுபடி பொருத்திச் சுட்டுப் பார்ப்பதென்று தீர்மானமாயிற்று. தீபாவளி முடியட்டும் என்று தள்ளி வைத்தார்கள். வெடிச் சத்தத்தில் அறிவியலின் சத்தம் கேட்காமல் போய்விடக் கூடாது. மேலப்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில் துப்பாக்கியின் பின்பக்கத்தை அறுத்து, ரைபிள் தோட்டா நுழையும் அளவுக்குக் குழாயைக் கடைந்து, சாக்குத் தைக்கும் கோணி ஊசி ஒன்றைச் சுருள்கம்பியோடு பற்றவைத்தார்கள். பட்டறைக்காரர், "அண்ணாச்சி, இத நீங்க சுடாதீங்க, வேற யாரையாது சுடச் சொல்லுங்க," என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்த எச்சரிக்கையைக் குழு அப்படியே ஏற்றுக்கொண்டது.

ஊருக்கு வெளியே சுடுதளத்தில் சாமியானா போட்டார்கள். குத்துவிளக்கு, மாலை, மைக், கொண்டைக்கடலைச் சுண்டல். தாணுமாலையன் தமது கைக்குட்டையால் மைக்கைத் துடைத்துவிட்டுப் பேசினார்.

"பேரன்பு கொண்ட பெரியோர்களே! குற்றவாளி பிடுங்கிய ஊசியை இந்தத் துறை இன்று திரும்ப நட்டிருக்கிறது. சான்று இருக்கும் இடத்தில் சான்றைக் காண்பது யாருக்கும் எளிது. சான்றே இல்லாத பாலையில் ஒரு சான்றை ஊன்றி, நீரூற்றி, நிழல் தரும் மரமாக வளர்த்து நீதிமன்றத்துக்குத் தருவதே எம் பணி. இந்தத் துப்பாக்கி கொலைத் துப்பாக்கியா என்று கேட்கிறார்கள். இன்று இல்லாவிட்டாலும், எம் முயற்சியால் அது ஆகும் என்று உறுதி கூறி அமர்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. சுடுவதற்கு அனுபவமுள்ளவர் வேண்டும் என்று நேசையாவைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் சிவசங்கரன். நேசையா துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பட்டறைப் பற்றவைப்பின் குமிழிகள் வெயிலில் மினுங்கின.

ஹெப்சிபா ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்தாள். "வேண்டாம்யா. குழாய் தாங்காது. முடியாதுன்னு சொல்லிருங்க."

"சொன்னா பென்சன நிறுத்திருவாரும்மா," என்று அவர் முணுமுணுத்தார். "அன்னைக்கு உங்கிட்ட சிரிச்சுப் பேசினது எவனுக்கோ கேட்டிருக்கு. ஜெபம் பண்ணிக்கோ."

"ஏ நேசையா! போட்டோக்காரன் நிக்கான், நிமுந்து நில்லும் வே!" என்று சிவசங்கரன் கத்தினார்.

நேசையா நிமிர்ந்து நின்று விசையை இழுத்தார்.

குழாய் வாழைப்பூ விரிவதுபோல விரிந்தது. முன்பக்கம் எதுவும் போகவில்லை. எல்லாம் பின்னால் வந்தது. நேசையாவின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. கோணி ஊசி பூட்டிய இரும்புத் துண்டு அவர் கன்னத்தெலும்பை உடைத்து உள்ளே போய் வெளியே வரவில்லை. தாணுமாலையனின் இடது காதுமடல் சாமியானாத் துணியில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுண்டல் கொடுத்தவர் கண்டுபிடித்து, ஒரு தொன்னையில் வைத்துத் தந்தார். ஹெப்சிபா தன் துப்பட்டாவைச் சுருட்டி நேசையாவின் முகத்தில் அழுத்தினாள். துணி சூடாக நனைந்துகொண்டே இருந்தது. எங்கே அழுத்தினால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை, அழுத்த முகம் அவ்வளவாக இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நேசையா போய்விட்டார்.

மறுநாளே குழு கூடியது. தாணுமாலையன் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார். ஒரு பக்கம் கேட்காததால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகவே அவருக்குப் பட்டது.

"சோதனை முழு வெற்றி. இந்தத் துப்பாக்கி ஆளைக் கொல்லும்னு கண்ணு முன்னால நிரூபிச்சாச்சு. இனி எவனும் வாயத் தொறக்க முடியாது. ரெண்டாவது, நாம போட்ட ஊசி சேரலை. அப்ப சேருத ஊசின்னு ஒண்ணு எங்கேயோ இருக்கு. மூணாவது, அந்தப் பய அத ஒழுங்காக் குடுத்திருந்தான்னா நேசையா செத்திருக்க மாட்டாரு. அந்தக் கொலைக்கும் அவன்தான் பொறுப்பு."

இப்படியாக, அதற்குள் வலது காலையும் வழுக்கவைத்துக்கொண்டு, காவல் நிலையத்தின் மூலையில் இரண்டு கால்களிலும் மாவுக்கட்டோடு கிடந்த அலி அஸ்கர், ஊருக்கு வெளியே சுடுதளத்தில் ஒரு தலைமைக் காவலரைக் கொன்றார். ஓர் அரசு அதிகாரியின் காதையும் அறுத்தார்.

அறிக்கை தட்டச்சாகி வந்தது. துப்பாக்கியில் இருந்த ஊசி பிடுங்கப்பட்டிருக்கிறது, அதை மீட்டால் குற்றம் முழுமையாக நிறுவப்படும் என்றது. ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் ஹெப்சிபாவின் பெயர் இருந்தது.

"இது பொய்யில்லையாய்யா?"

"ஏம்மா, இடத்தையும் வலத்தையும் மாத்தி எழுதினவ நீ. உன் கண்ண நீயே நம்பலை. அது ஆபீசு ரெக்கார்டு. நான் ஏழு பேரு உக்காந்து எடுத்த முடிவைச் சொல்லுதேன். நீ ஒத்த ஆளு. ஏழு பேரு கண்ணு தப்பா, உன் கண்ணு தப்பா? நீயே சொல்லு."

இதுதான் அவளை வீழ்த்தியது. மிரட்டியிருந்தால் ஒருவேளை நின்றிருப்பாள். 'நீயே சொல்லு' என்றதும், இரவெல்லாம் தன்னோடு தானே நடத்துகிற வழக்கு அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழு பேர். பெரியவர்கள். ஒருவேளை அப்படி ஒரு துப்பாக்கி வகை இருக்குமோ? புத்தகத்தில் தான் படிக்காமல் விட்ட பக்கம் ஏதாவது? அறிக்கை போய்விட்டால் அலி அஸ்கரைச் சிறைக்கு மாற்றிவிடுவார்கள், நிலையத்தின் ஈரத் தரையிலிருந்தாவது தப்பிப்பார் என்றும் ஒரு சாக்கு கிடைத்தது. கையெழுத்துப் போட்டாள்.

ஊசி ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஆய்வகமே சொல்லிவிட்டதால், அதை மீட்க வேண்டிய கடமை போலீசுக்கு வந்தது. விடியற்காலையில் அலி அஸ்கரை ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கருங்கால்துறைக்குக் கொண்டுபோனார்கள். செய்திக்குறிப்பு மதியமே வெளியாயிற்று. ஊசியை எடுத்துத் தருவதாகச் சொல்லி ஆற்றுக்குள் இறங்கிய குற்றவாளி, திடீரென்று காவலர்களைத் தள்ளிவிட்டு மின்னல் வேகத்தில் தப்பியோடினார். நிற்கும்படி ஆய்வாளர் பலமுறை எச்சரித்தார். குற்றவாளி ஓடிக்கொண்டே ஆய்வாளரை அரிவாளால் வெட்ட முயன்றதால், தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது. ஒரு குண்டு முதுகில் நுழைந்து நெஞ்சைத் திறந்தது. மற்றது காதுக்குப் பின்னால். கோரைப் புதருக்குள் குப்புறக் கிடந்தார்.

சபீதா அன்று ஆய்வக வாசலில் நிற்கவில்லை. காவலாளி தடுத்தும் நேராக உள்ளே வந்தாள். ஹெப்சிபாவின் மேசைக்கு எதிரே நின்றாள். அழுது முடித்த முகம்.

"ரெண்டு காலும் கட்டு போட்டிருந்தாங்க அக்கா. ஒண்ணுக்குப் போவக்கூட ரெண்டு பேரு தூக்கிட்டுப் போவணும்னு அவங்களே சொன்னாங்க. எப்படி ஓடினாரு?"

ஹெப்சிபா எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நான் போயி மையித்த வாங்கினேன். குளிப்பாட்டும்போது பாத்தாங்க, காலுக்கட்டுல ஒரு பொட்டு மண்ணு ஒட்டல. ஆத்துல எறங்கி ஓடினவருக்கு மண்ணு ஒட்டாதா?" அவள் மேசை மேலிருந்த நுண்ணோக்கியைப் பார்த்தாள். "இதுல பாத்துத்தான் எழுதினீங்களா?"

"இல்ல," என்றாள் ஹெப்சிபா. "இதுல பாத்தது வேற. எழுதினது வேற."

சபீதா அவளை அடிக்கப் போகிறாள் என்று பட்டது. அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் பட்டது. அவள் முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான்கைந்து நாள் கழித்துச் சிவசங்கரன் வந்தார். இந்த முறை இரண்டு பெட்டி அல்வா. பின்னால் ஒரு காவலர், நீளமான பொட்டலம் ஒன்றைத் தோளில் சாத்தி எடுத்து வந்தார்.

"வீரப் பதக்கத்துக்கு எழுதிப் போட்டிருக்கேம்மா. அதுல ஒரு தொல்லை பாத்துக்கோ. 'நான்தான் சுட்டேன்'னு எஸ்.ஐ. ஒருத்தன் அவனும் எழுதிப் போட்டிருக்கான். நன்றி கெட்ட பய. அன்னைக்கு அவன் ஜீப்பை விட்டே எறங்கல. அதனால குண்டு என் ரைபிள்ல இருந்துதான் போச்சுன்னு ஆய்வகம் சர்டிபிகேட் தரணுமாம். இந்தா ரைபிளு. இந்தா அவனச் சுட்ட ரெண்டு தோட்டாக் கூடு. ரெண்டும் என்னுதுதான். சீக்கிரம் எழுதிக் குடு."

ஹெப்சிபா பொட்டலத்தைப் பார்த்தாள். அவள் கேட்டுக் கிடைக்காத ரைபிள், அவள் கேட்டு மறுக்கப்பட்ட சோதனைத் தோட்டா. எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அதைச் சுட்டுப் பார்க்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம்தான் ஒரு மனிதனின் முதுகு.

"இந்த ரைபிள்ல இருந்து சுட்டது நீங்கதான்னு எழுத்துல வேணும் சார். ஆயுத பூசையில இருந்து இன்னைக்கு வரைக்கும் வேற யாரும் இதத் தொடலைன்னும் எழுதணும். இல்லாட்டி அந்த எஸ்.ஐ. நடுவுல பூந்துருவாரு."

அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. சிவசங்கரன் மகிழ்ந்துபோனார்.

"பாத்தீரா வே தாணு, பிள்ளைக்கு விவரம் வந்துட்டு!" என்று அறையைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, நின்றபடியே எழுதினார். "வேற எவன் தொடுவான்? நேசையா தொடச்சு வைப்பான், அவனும் போயிட்டான். என்னைத் தவிர ஒரு பய கை படல." பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

தாணுமாலையன் கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எது கூட ஒப்பிடணுமோ ஒப்பிட்டு முடி. பதக்கம் வந்தா நம்ம ஆபீசுக்கும் பேருதான்." அந்தக் கோப்பின் மேல் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதி அவரும் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் அல்வாவோடு உள்ளே போன பிறகு ஹெப்சிபா ரைபிளின் போல்ட்டைத் திறந்தாள். எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்திருந்தார்கள். சந்தனத்தின் சுவடே இல்லை. ஊசி ஓட்டையின் ஓரத்தில், இரும்பில், நகவெட்டுப் போல ஒரு கோடு மட்டும் இருந்தது. அதை எண்ணெயால் துடைக்க முடியாது. அவள் அதைப் படம் எடுத்தாள். பெட்டியைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. இன்னொரு முறை இழுத்துப் பார்க்கவில்லை.

வகுப்புக்குப் போகும் வழியில் சபீதாவுக்குத் தொலைபேசினாள். முதலில் எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது எடுத்தாள். ரைபிள் கைக்கு வந்திருப்பதையும், அதில் அதே கீறல் இருப்பதையும் ஹெப்சிபா சொன்னாள். "வக்கீலையும் கூட்டிட்டு வாங்க. காவலாளி தடுத்தா என் பேரச் சொல்லுங்க."

"நீங்க மாட்டிக்கிடுவீங்களே?"

"ஆமா," என்றாள் ஹெப்சிபா.

4.11.2025, செவ்வாய். இன்று வகுப்பில் பாடம் காதில் ஏறவில்லை. நாளை காலை சபீதா வக்கீலோடு வருகிறார். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு, ஜாபேஸைச் சுட்ட தோட்டாக் கூட்டை இடது தட்டிலும் அலி அஸ்கரைச் சுட்ட தோட்டாக் கூட்டை வலது தட்டிலும் வைத்து ஒப்பிட வேண்டும்.